சிவில் துறை சிம்போசியம்: பேப்பர் வாசிப்பைத் தவிர வேறு என்ன வைக்கலாம்?

கோணம்_சிவில்:
நாகர்கோவில் பக்கம் பொறியியல் கல்லூரியில் மூன்றாம் வருடம் சிவில் படிக்கிறேன். செப்டம்பர் 15, விஸ்வேஸ்வரய்யா பிறந்தநாள், பொறியாளர் தினத்துக்கு எங்கள் துறையில் சிம்போசியம் (மாணவர் கருத்தரங்கு) வைக்கிறார்கள், நிகழ்ச்சிக் குழுவில் நானும் இருக்கிறேன். வழக்கமாக பேப்பர் (ஆய்வுக்கட்டுரை வாசிப்பு), போஸ்டர், க்விஸ், சாயங்காலம் சான்றிதழ், அவ்வளவுதான். நெட்டில் எடுத்த படங்களைப் போட்டு எங்கேயோ இருக்கிற பாலத்தைப் பற்றிப் பேசிவிட்டுப் போகிறார்கள், கேட்கிறவர்களுக்கு ஒன்றும் மனதில் நிற்பதில்லை. ஒரே நாள்தான், காலேஜ் பஸ் ஒன்று கிடைக்கும். என்ன செய்தால் உருப்படியாக இருக்கும்? அண்ணன்மார் அக்காமார் சொல்லுங்கள்.

தக்கலை_பழையமாணவன்:
மக்கா, பஸ் கிடைக்கும் என்றால் மாத்தூர் தொட்டிப்பாலத்துக்குக் கூட்டிக்கொண்டு போ. பட்டணங்கால்வாய்த் தண்ணீரைப் பறளியாற்றுக்கு மேலே தாண்டவைக்க 1966-இல் கட்டியது, 115 அடி உயரம், ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் நீளம், 28 தூண். நம்ம ஊர்ப் பிள்ளைகள் அங்கே போட்டோ எடுக்கத்தான் போகிறார்கள். தொட்டியின் அகலத்தையும் தண்ணீரின் ஆழத்தையும் அளக்கச் சொல், ஒரு மிதவையை விட்டு நேரம் பார்த்தால் மேற்பரப்பு வேகம் வந்துவிடும், அதை 0.85-ஆல் பெருக்கினால் சராசரி வேகம், அப்புறம் குறுக்குவெட்டுப் பரப்பால் பெருக்கினால் வினாடிக்கு எவ்வளவு தண்ணீர் போகிறது என்று தெரியும். கால்வாயின் சரிவையும் சொரசொரப்பையும் வைத்து வேகத்தைக் கணக்கிடுகிற மேனிங் சமன்பாட்டில் வரும் விடை இதோடு அப்படியே ஒத்துப்போகாது, ஏன் என்று விளக்குகிற அணிக்குப் பரிசு கொடு. அது கன்னிப்பூ என்கிற முதல் போக நெல்லின் அறுவடை நேரம், தண்ணீரை நிறுத்தியிருக்கலாம், அதனால் கால்வாயில் தண்ணீர் விடுகிறார்களா என்று நீர்வளத்துறை அலுவலகத்தில் முதலிலேயே கேட்டு, அனுமதியும் எழுத்தில் வாங்கிவிடு.

ஆரல்வாய்மொழி_ஈஈஈ:
தண்ணீர் இல்லை என்றால் எங்கள் பக்கம் வாருங்கள் தம்பி, கணவாயில் காற்று ஓயாத மாதம் அது. காற்றாலை என்றதும் எலக்ட்ரிகல் வேலை என்று ஒதுங்கிவிடுகிறார்கள். கோபுரத்தின் எடையைவிட அதைக் கவிழ்க்கப் பார்க்கிற காற்றின் விசைதான் அடித்தளத்தின் அளவைத் தீர்மானிக்கிறது, அது முழுக்க உங்கள் பாடம்.

குழித்துறை_அக்கா:
இரண்டும் நல்ல யோசனைதான், ஆனால் பேப்பரை எடுத்துவிடாதே. வெளியூர்ப் பிள்ளைகளுக்கு ஓ.டி. (வகுப்புக்கு வராமலே வருகைப் பதிவு) கிடைப்பதே அதைக் காட்டித்தான், வேலைக்கு விண்ணப்பிக்கும்போதும் அது ஒரு வரியாக நிற்கும். தலைப்பை மட்டும் இறுக்கிப் பிடி. விவேகானந்தர் பாறையையும் வள்ளுவர் சிலையையும் இணைக்கிற கண்ணாடிப் பாலம் 2024 டிசம்பர் 30-இல் திறந்தது, 77 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம். அடித்தளக் கான்கிரீட்டில் உப்பு இறங்கினால் உள்ளே கம்பி துருப்பிடிக்கும், துரு இரும்பைவிட அதிக இடம் கேட்கும், கான்கிரீட் வெடிக்கும். கடலோரத்தில் வீடு கட்டியிருக்கிற எல்லாருக்கும் இது தெரிந்த வேதனை, அதற்கு என்ன வழி என்று எழுதச் சொல்.

இன்னொன்று, சிறப்பு விருந்தினர். இஸ்ரோ தலைவர் வி. நாராயணன் மேலக்காட்டுவிளைக்காரர் என்பதால் எல்லாக் கல்லூரியும் அவரைத்தான் கேட்கும். நீங்கள் கால்வாயில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஒரு உதவிப் பொறியாளரைக் கூப்பிடுங்கள், மதகைத் திறந்து மூடியவர் சொல்வதைக் கேட்க எனக்கே ஆசை.

கோணம்_சிவில்:
ரொம்ப நன்றி. காலையில் மாத்தூர், மதியம் பேப்பர் என்று துறைத் தலைவரிடம் சொல்லப்போகிறேன், கடலோரக் கட்டடம்தான் தலைப்பு. தண்ணீர் நிறுத்தியிருந்தால் ஆரல்வாய்மொழி. அந்தப் பக்கம் காற்றாலை அடித்தள வேலை பார்த்தவர் யாராவது இருந்தால் தனிச்செய்தி அனுப்புங்கள்.