பகட்டாகவா, ஆடம்பரமாகவா?

அன்புள்ள நண்பர்களுக்கு,
கல்லூரிப் பொருளியல் பாடம் ஒன்றைத் தமிழாக்குகிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. 1899-இல் பொருளியலாளர் வெப்லன் சொன்ன 'கான்ஸ்பிகுவஸ் கன்ஸம்ப்ஷன்', அதாவது பிறர் பார்க்கவென்றே செலவழிப்பது, அதில் வருகிறது. 'ஆடம்பரமாக நுகர்தல்' என்று எழுதினேன், மேற்பார்வையாளர் அடித்துவிட்டார். வேறு என்ன போடலாம்?

*

'படாடோபமாக' என்று போடுங்கள். பாம்பு படம் விரிப்பதுதான் இந்த வடசொல்லின் மூலப்பொருள். நஞ்சில்லாத பாம்பும் படம் விரித்தாலே அச்சம் தரும் என்று ஒரு பழைய வடமொழிச் செய்யுள் உண்டு. வெப்லன் சொல்வதும் அதுதானே? 'ஆடம்பரம்' வடமொழியில் முதலில் முரசு, முழக்கம். நம் குறள் 34-இல் 'ஆகுல நீர' என்பதற்கு உரையாசிரியர் பரிமேலழகர் 'ஆரவார நீர்மைய' என்கிறார். இரு மொழியிலும் ஓசைதான் வெளிவேடத்துக்குப் பெயராகியிருக்கிறது.

*

'பகட்டாக' இருக்க இரவல் எதற்கு, ஐயா? 'பகடு புறந்தருநர் பாரம் ஓம்பி' என்கிறது புறநானூறு 35. பகடு, எருது. கொம்பு சிலுப்பி நிற்கும் காளையின் மிடுக்கிலிருந்தே பகட்டு வந்தது என்பது என் துணிபு.

*

பகடு வேற்றுமையில் 'பகட்டு' ஆவது (பகட்டை, பகட்டால்) நன்னூல் இலக்கணம் சொல்லும் ஒற்றிரட்டல், அதாவது 'ட்' இரட்டிப்பது. பகட்டுதல் தனி வினை. வடிவம் ஒத்ததால் உறவாகிவிடாது.

*

வகுப்பெடுப்பவள் என்ற முறையில் சொல்கிறேன். 'ஆடம்பரப் பொருள்' ஏற்கெனவே பாடத்தில் வேறு பொருளில் இருக்கிறது: வருமானம் கூடுவதைவிட வேகமாகத் தேவை கூடும் பொருள். இரண்டையும் ஒரே சொல்லால் சொன்னால் பிள்ளைகள் தேர்வில் குழம்புவார்கள். கதவைச் சாத்திக்கொண்டு ஆடம்பரமாக வாழலாம். பகட்டுக்குப் பார்ப்பவர் வேண்டும். வெப்லனே கையால் செய்த வெள்ளிக் கரண்டியை எடுத்துக்காட்டுகிறார்: 10 முதல் 20 டாலர். அலுமினியக் கரண்டி 10 முதல் 20 சென்ட். வாய்க்கு இரண்டும் ஒன்றுதான். அற்பனுக்கு வாழ்வு வந்தால் அர்த்த ராத்திரியில் குடை பிடிப்பான் என்றதும் கடைசி வரிசைக்கும் புரிந்துவிடுகிறது. 'படாடோபம்' என்றால் அகராதி தேடுகிறார்கள்.

*

பெரும்பாலோர் சொன்னபடி வினையடைக்குப் 'பகட்டாக', பெயருக்குப் 'பகட்டு நுகர்வு' என்றே அனுப்பிவிட்டேன். எல்லாருக்கும் நன்றி.

*

அச்சேறட்டும். ஆனால் 'பகட்டு' மினுக்கை மட்டும்தான் சொல்கிறது. எதிரே நிற்பவரைச் சிறுமைப்படுத்தும் நோக்கம் அதில் இல்லை. அடுத்த பதிப்பு வரும்போது 'படாடோப'த்துக்காக மறுபடி எழுதுவேன்.