அட்டாரி 2600 ஹியூமன் கேனன்பால்: 30-இல் சுவரில் முட்டுகிறது, 60-இல் தொட்டியைத் தாண்டிவிடுகிறது

கேள்வி:
அட்டாரி 2600 என்ற பழைய கன்சோலில், பீரங்கியிலிருந்து ஆளைச் சுட்டுத் தண்ணீர்த் தொட்டிக்குள் விழவைக்கும் வீடியோ கேம் இது. வேகம், பீரங்கி நிற்கும் இடம் இரண்டையும் மாற்றவில்லை. 30 டிகிரியில் சுட்டால் ஆள் தண்ணீர்த் தொட்டியின் விளிம்புக்குக் கீழே முட்டி "அவுச்" என்கிறார். 30-க்கும் 60-க்கும் ஒரே தூரம்தானே என்று 60 வைத்தால் தொட்டிக்கு அந்தப் பக்கம் போய் விழுகிறார். விழும் தூரத்துக்கான R = v² sin2θ / g (v வேகம், θ கோணம், g புவியீர்ப்பு முடுக்கம்) இதற்குச் செல்லாதா? இன்னொன்று, ஜாய்ஸ்டிக்கைக் கீழே இழுத்தால் சில நேரம் கோணம் இறங்குவதே இல்லை. ஃபயர் பட்டனில் குறையில்லை.

பதில் 1:
சூத்திரம் சரிதான். ஆனால் புறப்படும் மட்டத்திலேயே விழுந்தால்தான் அது பொருந்தும். உங்கள் இலக்கு தொட்டியின் வாய், அது உயரத்தில் இருக்கிறது. ஒரே வேகத்தில் 60 டிகிரிப் பாதை எந்த இடத்திலும் 30 டிகிரிப் பாதையைவிட 3 மடங்கு உயரத்தில் போகும் (tan60 / tan30 = 3). தாண்டாமல் என்ன செய்யும்?

உயரமான இலக்குக்கு ஜோடிக் கோணங்களின் (ஒரே வேகத்தில் ஒரே இலக்கைத் தொடும் இரண்டு கோணங்கள்) கூட்டுத்தொகை 90 இல்லை, 90 + φ. பீரங்கி வாயிலிருந்து தொட்டி வாய்க்கு இழுக்கும் நேர்கோட்டின் சாய்வுதான் φ. அது 8 டிகிரி என்றால் 30-க்கு ஜோடி 68. இரண்டில் பெரியதையே எடுங்கள். செங்குத்தாக இறங்கினால்தான் வாய்க்குள் விழும், தாழ்வாக வந்தால் சுவர்தான்.

φ-ஐத் திரையில் ஸ்கேல் வைத்து அளந்தால் ஒரு விடை, புள்ளிகளை எண்ணினால் வேறு விடை வரும். 2600-இன் புள்ளி சதுரமில்லை, அகலம் அதிகம். அதனால் கணக்கைத் தொடக்கமாக மட்டும் வைத்துக்கொண்டு ஒவ்வொரு டிகிரியாக நகர்த்துங்கள். 45-ஐ ஒட்டி 5 டிகிரி பிசகினாலும் தூரம் 1.5% தான் குறையும். 70-லிருந்து 75-க்குப் போனால் 22% போய்விடும். வேகத்தைத் தொடுவதானால் இன்னும் கவனம்: 10% கூட்டினால் தூரம் 21% கூடும்.

பதில் 2:
ஜாய்ஸ்டிக் பற்றி. ஃபயர் வேலை செய்வதை வைத்து கன்சோல் நல்லது என்று முடிவு கட்டாதீர்கள். ஃபயர் டிஐஏ சிப்புக்குப் போகிறது, திசைகள் 6532 என்ற வேறொரு சிப்புக்கு. முதலில் வேறொரு ஜாய்ஸ்டிக்கை அதே போர்ட்டில் மாட்டுங்கள். அதிலும் இதே கோளாறு என்றால் போர்ட்டையும் 6532-ஐயும் பாருங்கள்.

புதியதில் சரியாக இருந்தால் பழைய ஜாய்ஸ்டிக்கின் பிளக்கில் 2-ஆம் (கீழ்த் திசை), 8-ஆம் (கிரவுண்ட்) பின்களுக்கிடையே மல்டிமீட்டரை கன்டின்யுட்டியில் (இணைப்பு இருந்தால் பீப் அடிக்கும்) வைத்து, குச்சியைக் கீழே இழுத்தபடி கேபிளை ஆட்டுங்கள். பீப் விட்டுவிட்டு வந்தால் கேபிள். வரவே இல்லையென்றால் அடியிலுள்ள 4 திருகையும் கழற்றி, கீழ்த் திசைக்கான நீல வயர் போர்டில் இறுக்கமாகச் செருகியிருக்கிறதா என்று பாருங்கள். அதுவும் சரியென்றால் டேப்புக்கு அடியிலிருக்கும் உலோகக் குமிழ்தான். ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்டுத் துடையுங்கள். உப்புத்தாள் வேண்டாம், பூச்சு போய்விடும்.

கேட்டவர்:
67-இல் உள்ளே விழுந்துவிட்டார். நீல வயர்தான் தளர்ந்திருந்தது. நன்றி.