சி பிளாக் தமிழ் மக்கள், மயூர் விஹார், டெல்லி (வாட்ஸ்அப் குழு)

கல்பனா: கமிட்டி நோட்டீஸ் பார்த்தீங்களா? மொட்டை மாடில சோலார் போடப் போறாங்களாம். லிஃப்ட், தண்ணி மோட்டார், படிக்கட்டு லைட்டுக்கு மட்டும். சொசைட்டிக்கு மத்திய அரசு மானியம் கிலோவாட்டுக்கு 18,000.

செல்வம்: தனி வீட்டுக்காரனுக்கு 3 கிலோவாட்டுக்கு 78,000 தர்றாங்க. ஃபிளாட்காரன் என்ன பாவம் பண்ணான் 😏

விஜி அக்கா: வத்தல் காயப்போட இடம் விடுவாங்களா, அத மொதல்ல கேளு.

கல்பனா: டேங்க் பக்கம் உங்களுக்குத்தான்க்கா 😂

செல்வம்: நாம நாலு பேனல் போட்டு என்ன ஆகப்போகுது? நாட்டுல ஓடுற கரண்ட்ல முக்கால்வாசி நிலக்கரி. அது மேல வரி போடணும். டன்னுக்கு 400 ரூபா செஸ் இருந்துச்சு, 2025 செப்டம்பர்ல அதையும் தூக்கிட்டாங்க.

ராமசுப்பு மாமா: பாதிதான் சொல்றே. கூடவே ஜிஎஸ்டி 5லேர்ந்து 18 ஆச்சு. ஆனா கணக்குப் போட்டுப் பாரு, டன் 3,000 ரூபாய்க்குக் கீழே விக்கற மட்ட நிலக்கரிக்கு மொத்த வரி குறைஞ்சுதான் போச்சு.

செல்வம்: அப்ப நான் சொன்னது சரிதானே மாமா!

ராமசுப்பு மாமா: வரி வேணும்தான். வரி மட்டும் போதாது. நான் பதர்பூர் பவர் ஸ்டேஷன்ல இருந்தவன், 2018ல மூடினாளே அதுலதான். மத்தியானம் சோலார் கொட்டும். அதுக்காக பாய்லரை அணைச்சுட்டு ஆறு மணிக்குப் பத்த வெக்க முடியாது. ஆறிப்போன யூனிட்டைக் கிளப்ப மணிக்கணக்காகும், எண்ணெய் வேற குடிக்கும். அதனால 55 சதவீத லோடுல சும்மா எரிஞ்சுண்டே கிடக்கும். பொழுது சாஞ்சா எந்த ஸ்டேஷன் எவ்வளவு கரண்ட் தரணும்னு சொல்ற லோட் டிஸ்பாட்ச் ஆபீஸ்லேர்ந்து போன், "ஏத்து, ஏத்து"ன்னு. அந்த நேரத்துக்கு வேற கரண்ட் இல்லேன்னா என்ன வரி போட்டாலும் நிலக்கரிதான் எரியும். வரி நம்ம பில்லுல வந்து உக்காரும்.

செல்வம்: வேற என்னதான் வழி?

ராமசுப்பு மாமா: சேமிச்சு வெக்கணும். பேட்டரி ஒண்ணு. இன்னொண்ணு நம்ம கோயம்புத்தூர் ஜில்லா காடம்பாறை மாதிரி, 400 மெகாவாட். மிச்ச கரண்ட்ல மேல் ஆழியார் தண்ணியைக் காடம்பாறை அணைக்கு ஏத்திட்டு, தேவைப்படறப்போ கீழே விட்டு கரண்ட் எடுக்கறது. உத்தராகண்ட் டெஹ்ரி அணைலயும் 1,000 மெகாவாட்டுக்கு இதே வித்தைதான். சர்க்கார் பேனலுக்குக் கொடுக்கற காசுல பாதியாவது இங்கே திருப்பினா தேவலை.

விஜி அக்கா: அதுவரைக்கும் ஏசியை நிறுத்தணுமாக்கும்?

கல்பனா: 2020லேர்ந்து வர்ற ஸ்டார் ஏசி ஆன் பண்ணினதும் 24 டிகிரிலதான் தொடங்கணும்னு விதி. உங்க வீட்டு ரிமோட்ல 18 இருக்கே அக்கா 👀

விஜி அக்கா: மே மாசம் வந்து பேசு.

செல்வம்: பகல்ல கரண்ட் விலை குறைவு, எல்லாரும் கரண்ட் இழுக்கற பீக் நேரத்துல கூடன்னு 2023லயே மத்திய அரசு விதி போட்டுச்சே?

ராமசுப்பு மாமா: போட்டா. 200 யூனிட் வரை பில்லே வராத டெல்லி வீட்டுக்குப் பகல் என்ன, ராத்திரி என்ன? அரசியல்வாதி எவனும் அதைத் தொடமாட்டான். அது இருக்கட்டும், நம்ம மோட்டார் எப்ப ஓடறது?

கல்பனா: காலைல 5, ராத்திரி 8.

ராமசுப்பு மாமா: 8 மணி! நல்ல பீக். அதை மத்தியானம் 12க்கு மாத்தச் சொல்லும்மா. பேனல் வரட்டும், வராட்டி போகட்டும்.

செல்வம்: கீழ் டேங்க் காலைலயே ரொம்பிடுது, ஏத்தலாம். மேல் டேங்க் மறுநாள் காலை வரைக்கும் தாங்குமா?

விஜி அக்கா: மூணாவது மாடில ஒரு குழாய் ராப்பகலா ஒழுகுது. அத அடைச்சா தாங்கும். யார் வீடுன்னு சொல்ல மாட்டேன்.

செல்வம்: ஞாயித்துக்கிழமை பிளம்பர் வர்றாருக்கா 🙏