பிசான அறுப்பு நேரத்தில் வரும் மழையை மூணு நாள் முன்னாடியே பிடிக்க எதைப் பார்க்கணும்?

சேரன்மாதேவி_வயல்:
அண்ணாச்சிமார் எல்லாருக்கும் வணக்கம். கல்லிடைக்குறிச்சி, வீரவநல்லூர் பக்கம் பிசான நெல் (தாமிரபரணிப் பாசனத்துப் பின்பருவ நெல்) முற்றிக்கிட்டு வருது. ஜனவரி கடைசியில் தொடங்கி பிப்ரவரி பாதிக்குள்ள அறுப்பு. மிஷினுக்கு மூணு நாள் முன்னாடி சொல்லணும், தண்ணியை அதுக்கும் ஒரு வாரம் முன்னாடியே வடிக்கணும். போன் ஆப்பில் "40% மழை"ன்னு வருது. அது மலை மேல இருக்கிற ஊத்து எஸ்டேட்டுக்கா, கீழே வயலுக்கான்னு பிரிச்சுச் சொல்ல மாட்டேங்குது. சாஞ்ச கதிர் ரெண்டு நாள் ஈரத்தில் கிடந்தா முளை விட்டுரும். எந்த மேப், எந்த உயரம், எத்தனை மணிக்குப் பார்க்கணும்? ரேடார் உதவுமா?

பொதிகை_மேகம்:
சதவீதத்தை விட்டுருங்க, காற்றைப் பாருங்க. தை, மாசியில் நமக்கு மழை வர வாடை கொண்டலா, அதாவது கிழக்குக் காற்றாத் திரும்பணும். வடகிழக்கில் இருந்து வர்ற வாடை வறண்டது, பனிதான் தரும். இலங்கைக்குத் தெற்கே ஒரு சுழற்சி வந்து மேற்கே நகரும்போது நம்ம பக்கம் காற்று நேர் கிழக்காகவோ தென்கிழக்காகவோ மாறும். ஈரம் வர்றது அதோடதான்.

விண்டி (Windy) வானிலை ஆப்பில் ஐரோப்பிய கணிப்பு மாடலை வைங்க. உயரம் 850 ஹெக்டோபாஸ்கல், அதாவது தரையில் இருந்து ஒன்றரை கி.மீ. அதில் மூணு விஷயம் பாருங்க.

முதலில் சுழற்சியின் மையம் எந்த அட்சரேகையில் போகுதுன்னு. 5 முதல் 8 டிகிரிக்குள்ள குமரிக்கடல் நோக்கி வந்தா நம்ம மாவட்டத்துக்கு நேரடி வேலை. 3 டிகிரிக்குக் கீழே மாலத்தீவு பக்கம் போயிட்டா மாஞ்சோலைக்கு மட்டும் தூறல் கிடைக்கும்.

ரெண்டாவது வேகம். 20 நாட் (மணிக்கு சுமார் 37 கி.மீ.) வேகத்துக்கு மேல கொண்டல் அடிச்சா ஈரமெல்லாம் மலைச்சரிவில் மோதி ஏறி ஊத்து, நாலுமுக்கு, காக்காச்சியில் கொட்டும். கீழே அம்பை, கல்லிடையில் அதில் சிறு பங்குதான் விழும். காற்று 10 நாட் வேகத்துக்குக் கீழே குறைஞ்சு ஈரம் மட்டும் அதிகமா இருந்தா மத்தியானத்துக்கு மேல சமவெளியிலேயே இடி மேகம் எழும்பும். உங்க வயலுக்கு அதுதான் ஆபத்து. அஞ்சே நிமிஷக் காற்றில் கதிர் படுத்துரும்.

மூணாவது 700 ஹெக்டோபாஸ்கல், மூணு கி.மீ. உயரம். அங்கேயும் கிழக்குக் காற்றுன்னா எழும்பின மேகம் மலைப்பக்கம் நகர்ந்து கேரளத்துக்குப் போகும். மேற்குக் காற்றுன்னா மலையில் பிறந்தது சேரன்மாதேவி வரைக்கும் இறங்கி வரும்.

காலை 5:30 மணி நிலவரத்தை வச்சு ஓடுற ஐரோப்பிய மாடல் நண்பகல் வாக்கில் புதுசாகும். அதை அமெரிக்க ஜி.எஃப்.எஸ். மாடலோட ஒப்பிடுங்க. சுழற்சியின் இடம் ரெண்டிலும் தொடர்ந்து ரெண்டு ஓட்டமா ஒத்துப்போனாத்தான் மிஷினைத் தள்ளிவைங்க. மழை அளவை மட்டும் அப்படியே எடுத்துக்காதீங்க. ஐரோப்பிய மாடலின் கட்டமே 9 கி.மீ. அகலம், ஆயிரம் மீட்டர் செங்குத்துச் சரிவு அதில் மழுங்கித்தான் இருக்கும். அதனால ஊத்துக்குக் குறைச்சும், மலையடிவாரத்துக்குக் கூட்டியும் காட்டும்.

மன்னார்_கொண்டல்:
பொதிகை அண்ணாச்சி சொன்னது மலையடிவாரத்துக்குச் சரி. இதைப் படிக்கிற திருச்செந்தூர், சாத்தான்குளம் பக்கத்து ஆட்கள் "பலத்த கொண்டல்னா மலைக்குத்தான்" என்று நினைத்துவிட வேண்டாம். கடற்கரைக் கணக்கு வேறு. அங்கே மழை பெரும்பாலும் நடுராத்திரிக்கு மேல், விடியலுக்கு முன்னால் வலுக்கும். கடலில் இருந்து வேகமாக வரும் காற்று தரை உராய்வில் திடீரென்று வேகம் குறைய, பின்னால் வருவது முட்டி மேலே எழும்பும். காற்று இப்படி முட்டிக் குவியும் கோடு நகராமல் ஒரே இடத்தில் நின்றால் என்ன ஆகும் என்பதை 2023 டிசம்பர் 18 காலை 8:30 மணியோடு முடிந்த 24 மணி நேரத்தில் பார்த்தோம்: காயல்பட்டினத்தில் 95 செ.மீ. குமரிக்கடல் சுழற்சியை மாடல்கள் முன்பே காட்டின. அந்த அளவை எதுவும் காட்டவில்லை. ஆகவே 925 (சுமார் முக்கால் கி.மீ.), 850 ஹெக்டோபாஸ்கல் இரண்டு உயரத்திலும் காற்று கரைக்குச் செங்குத்தாக, 12 மணி நேரத்துக்கு மேல் திசை மாறாமல் இருந்தால், ஆப் 50 மி.மீ. என்று சொன்னாலும் அதை உச்சவரம்பாக எடுக்காதீர்கள்.

பிந்திய பருவ மழை என்று அலட்சியமும் கூடாது. 2021 பொங்கல் சமயத்தில் தாமிரபரணியில் வெள்ளம் போனது ஜனவரி மழையால்தான். ஜனவரியில் பாபநாசம், மணிமுத்தாறு அணைகள் நிறைந்திருக்கும். 143 அடி, 118 அடி என்ற முழு மட்டத்தை நெருங்கி நிற்கும் அணையில் புதிதாக விழும் மழைக்கு இடம் ஏது? வருவது அப்படியே ஆற்றுக்குத்தான். ஆற்றங்கரை வயல் என்றால் அணை மட்டத்தையும் தினமும் பார்க்க வேண்டும்.

சேரன்மாதேவி_வயல்:
நன்றி அண்ணாச்சி. மையத்தோட அட்சரேகையைப் பார்க்கணும்னு இப்பத்தான் புரியுது. அறுத்துக்கிட்டு இருக்கிற அன்னைக்கு, அடுத்த ரெண்டு மணி நேரத்துக்குத் திருவனந்தபுரம் ரேடாரை நம்பலாமா? நேத்து அதில் ஒண்ணுமே இல்லை, மணிமுத்தாறு பக்கம் மழை பெய்யுதுன்னு சொன்னாங்க.

ரேடார்_ராப்பாடி:
அதற்குக் காரணம் மலை. ரேடார் இருப்பது கேரளக் கடற்கரையில், நமக்கும் அதற்கும் நடுவே 1,868 மீட்டர் அகத்தியமலை. அரை டிகிரி சாய்வில் கிளம்பும் ரேடார் அலைக்கதிர் மலையை அடையும்போது அரை கி.மீ. உயரம்தான் ஏறியிருக்கும், அப்படியே முட்டி நின்றுவிடும். உச்சிக்கு மேலே தாண்டுவது கிட்டத்தட்ட 3 டிகிரிக் கதிர். அது அம்பாசமுத்திரத்துக்கு மேலே சுமார் 4 கி.மீ. உயரத்திலும், பாளையங்கோட்டைக்கு மேலே 5 கி.மீ.க்கும் அதிகமான உயரத்திலும் போகும். ஜனவரியில் கொண்டல் மலையில் மோதிப் பெய்யும் மேகம் பல நேரம் அந்த உயரத்தை எட்டுவதே இல்லை. ரேடார் அதன் தலைக்கு மேலே பார்த்துக்கொண்டிருக்கும். காரைக்கால் ரேடார் 330 கி.மீ.க்கும் மேல் தள்ளி இருப்பதால் அதுவும் உதவாது.

இடி மேகம் என்றால் கதை வேறு. அது 10 கி.மீ.க்கு மேல் எழும்புவதால் திருவனந்தபுரத்தில் நன்றாகத் தெரியும். மேக்ஸ்-இசட் (ஒவ்வோர் இடத்திலும் கிடைத்த அதிகபட்ச எதிரொலி) படத்தின் ஓரங்களில் உள்ள உயரப் பட்டைகளைப் பாருங்கள். 45 டி.பி.இசட். (எதிரொலி வலிமையின் அளவு) நிறம் 6 கி.மீ.க்கு மேல் ஏறியிருந்தால் தார்ப்பாயை எடுங்கள். மின்னலுக்குத் தாமினி ஆப் போதும், 20, 40 கி.மீ. வட்டத்தில் எச்சரிக்கும். ஆனால் "மின்னல் இல்லை, அதனால் மழை இல்லை" என்ற முடிவுக்குப் போகாதீர்கள், மலை மழையில் பெரும்பாலும் மின்னலே இருக்காது. அந்த நாட்களில் இன்சாட் செயற்கைக்கோளின் அகச்சிவப்புப் படத்திலும் மேகம் மங்கலான சாம்பலாகத்தான் தெரியும். பகலில் கண்ணுறு ஒளிப் படத்தைத் திறந்து, மலையின் கிழக்கு விளிம்பில் வெள்ளைப் பட்டை நகராமல் ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று பாருங்கள். ஒட்டியிருந்தால் மேலே பெய்கிறது.

அம்பை_மழைமானி:
வயல்காரர் தம்பி, ஒரு மழைமானி வச்சுருங்க. ஆப் காட்டினதுக்கும் உங்க வயலில் விழுந்ததுக்கும் உள்ள வித்தியாசத்தை ஒரு பருவம் எழுதினாலே கொண்டல் வேகத்துக்கு எவ்வளவு கிடைக்கும்னு பிடிபட்டுரும்.

வாய் உள்விட்டம் 11.3 செ.மீ. இருக்கிற புனல் தேடுங்க. பரப்பு 100 சதுர செ.மீ. வரும், 10 மில்லி தண்ணி சேர்ந்தா 1 மி.மீ. மழை. புனலுக்கு மேல அதே அகலத்தில் 10 செ.மீ. குழாய்த்துண்டு ஒட்டுங்க, இல்லாட்டி பெருந்துளி தெறிச்சு வெளியே போயிரும். விளிம்பு மட்டமா, தரையில் இருந்து 30 செ.மீ. உயரத்தில் இருக்கணும். தென்னை, சுவர் எதுவானாலும் அதன் உயரத்தைப் போல ரெண்டு மடங்கு தூரமாவது தள்ளி வைங்க. காலை 8:30க்கு அளந்து, அந்தத் தேதியில் எழுதுங்க. அப்பத்தான் சென்னை மண்டல வானிலை மையம் வெளியிடுற பட்டியலில் உள்ள ஊத்து, நாலுமுக்கோட ஒப்பிட முடியும்.

கீழே 2 லிட்டர் பாட்டில் வச்சா 200 மி.மீ.யில் நிரம்பி வழிஞ்சுரும். காயல்பட்டினத்து மழைக்கு ஒன்பதரை லிட்டர் சேர்ந்திருக்கும். பலத்த மழையன்னைக்கு ராத்திரி எழுந்து ஒரு தடவை அளந்து கொட்டிருங்க. மாசிப் பனியில் காலையில் சேர்ற ரெண்டு மூணு மில்லியை மழைன்னு எழுதாதீங்க.

சேரன்மாதேவி_வயல்:
சரி அண்ணாச்சி, புனல் வாங்கிருதேன். கடைசியா ஒண்ணு. கொண்டல் வரப்போறது உறுதின்னா, முன்கூட்டியே அறுத்துறலாமா?

பொதிகை_மேகம்:
மணியில் பத்தில் எட்டு பொன்னிறமாகியிருந்தா அறுத்துருங்க. ஈரம் 20%க்கு மேல நிக்கும். நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் 17% கேப்பாங்க. அதனால களத்தில் ரெண்டு நாள் வெயில் காட்ட இடம் இருக்கான்னு முதலில் பாருங்க. களம் கிடைக்காதுன்னா வயலிலேயே விட்டு, கதிர் சாயாம இருக்க வடிகாலை மட்டும் இன்னைக்கே நல்லா வெட்டி விடுங்க.