கல்லடிப் பாலத்தை ஏன் அகலமாக்கவில்லை?

எல்லாருக்கும் வணக்கம்.

போன கிழமை மட்டக்களப்பு வாவியின் மேல் இருக்கிற பழைய கல்லடிப் பாலத்தின் படத்தைப் போட்டவருக்கு நன்றி, பார்த்ததும் அழுகை வராத குறை. ஆனால் கீழே "வெள்ளைக்காரனின் கஞ்சத்தனம், பிறகு வந்தவர்களாவது அகலமாக்கியிருக்கலாம்" என்று எழுதியிருந்தீர்களே, அதற்குப் பதில் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

பாலம் 1924இல் வந்தது. அப்போது ஆளுநர் வில்லியம் மனிங், அவருடைய மனைவியின் பெயரில் லேடி மனிங் பாலம் என்று வைத்தார்கள். எங்கள் வீட்டில் ஒருவரும் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை, கல்லடிப் பாலம்தான். மாட்டு வண்டிக் காலத்துக் கணக்குக்கு ஒரு வண்டி போகிற அகலம் தாராளம். அடுத்த ஐந்து வருசத்தில், 1929இல், விபுலானந்த அடிகள் கல்லடியில் சிவானந்தா வித்தியாலயத்தைத் தொடங்கினார். அக்கரையில் இருக்கிற புளியந்தீவுப் பிள்ளைகள் தோணிக்குக் காத்திராமல் நடந்தே வந்துபோக முடிந்தது என்றால் இந்தப் பாலத்தால்தான்.

சரி, அகலமாக்குகிற கதைக்கு வருவோம். இரண்டு பக்கமும் முக்கோணம் முக்கோணமாகப் பின்னிய இரும்பை நாம் சின்ன வயதில் வேலி என்றுதான் நினைத்தோம். அது வேலி இல்லை, அதுதான் பாலம். நாலு கம்பைச் சதுரமாக ஆணியடித்து ஒரு மூலையில் தள்ளிப் பாருங்கள், சரிந்துவிடும். குறுக்கே ஒரு கம்பு அடித்தால் அசையாது. அந்தச் சூத்திரத்தில்தான் அவ்வளவு பாரமும் நிற்கிறது: மேல் சட்டம் நெருக்குப்படும், கீழ்ச் சட்டம் இழுபடும், இடையில் உள்ள சாய்வுகள் பாரத்தைத் தூணுக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும். றோட்டு அந்த இரண்டு பக்கத்துக்கும் நடுவே குறுக்கு விட்டங்களில் கிடக்கிறது. அதை அகலமாக்கப் பக்கங்களை விலக்கினால் விட்டம் நீள வேண்டும், நீண்டால் தடிக்க வேண்டும், பிறகு தூணும் போதாது. அப்படிப் பார்த்தால் அது புதுப் பாலம் கட்டுகிற வேலைதான். அதனால்தான் ஜப்பான் உதவியோடு பக்கத்திலேயே இன்னொன்றைக் கட்டி 2013இல் திறந்தார்கள்.

காத்துக்கிடந்தது கரைச்சல்தான், இல்லை என்று சொல்லவில்லை. அந்தக் கரையிலிருந்து பஸ் ஏறிவிட்டால் இந்தக் கரையில் எல்லாரும் நிற்க வேண்டும், மாமா சைக்கிளை ஒரு காலில் தாங்கிக்கொண்டு பக்கத்து லொறிக்காரரோடு நெல் விலை கதைப்பார், முன்பாரில் இருந்த எனக்குக் கால் விறைத்துப்போகும். உப்புக் காற்றில் கறள் பிடித்த அந்த இரும்பு 1978 சூறாவளிக்கும் 2004 சுனாமிக்கும் விழவில்லை என்பதையும் மறந்துவிடாதீர்கள்.

இன்னொன்று. வாவிக்குள் மீன் பாடுகிறது என்று நம் ஊரில் சொல்வார்களே, அது பாலத்துத் தூணில் தண்ணீர் மோதுகிற சத்தம்தான் என்றும் யாரோ எழுதியிருந்தார்கள். எமர்சன் டெனன்ட் என்ற அதிகாரி 1848இல் மட்டக்களப்புக்கு வந்து, ஈர விரலால் கண்ணாடிக் கிண்ணத்தின் விளிம்பைத் தேய்த்தால் வருகிற மாதிரி ஒரு சத்தம் வாவிக்குள் கேட்டதாக எழுதிவைத்திருக்கிறார். அப்போது தூண் எங்கே இருந்தது? பாடுவது மீனா, ஊரி நத்தையா, வேறு ஏதாவதா என்று சண்டை பிடியுங்கள், பாலத்தை இழுக்காதீர்கள்.

நான் ஒரு தடவைதான் கேட்டேன். பறுவ இரவு, மாமா பாலத்துக்குக் கீழே தோணியை நிறுத்தி, துடுப்பைத் தண்ணீருக்குள் விட்டு, மேல் நுனியை என் காதோடு வைத்து "மூச்சு விடாதே" என்றார். முதலில் ஒன்றும் இல்லை. அப்புறம் தூரத்தில் யாரோ தவளைக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுக்கிற மாதிரி ஒன்று. மேலே ஒரு பஸ் ஏறியது, எல்லாம் போய்விட்டது.

உங்களில் வேறு யாராவது கேட்டிருந்தால் எழுதுங்கள், எந்தக் கரைப் பக்கம் என்பதையும் சேர்த்து.