தங்கையின் மூக்கு ஆபரேஷன்: மூச்சுக்கு மட்டுமா, வடிவத்துக்கும் சேர்த்தா?

வைகைக்கரை:
தங்கைக்கு 24 வயது. பள்ளியில் த்ரோபால் ஆடும்போது பந்து முகத்தில் பட்டு மூக்கு ஒரு பக்கம் சாய்ந்துவிட்டது. வீக்கம் வடிந்ததும் நாங்களும் அப்படியே விட்டுவிட்டோம். இப்போது இடது பக்கம் மூச்சே போவதில்லை, இரவில் வாயைத் திறந்தபடிதான் தூக்கம். மூக்குத் தண்டு வளைந்திருக்கிறது, ஆபரேஷன் செய்யலாம் என்கிறார் இ.என்.டி. டாக்டர். தங்கை, "எப்படியும் மயக்க மருந்து கொடுக்கத்தானே போகிறார்கள், மேலே துருத்திக்கொண்டிருக்கும் மேட்டையும் சேர்த்து எடுத்துவிடலாம்" என்கிறாள். அப்பாவோ, "மூச்சுக்கு மட்டும் செய், முகத்தில் கை வைக்காதே" என்று ஒரே பிடி. என்ன சொல்கிறீர்கள்?

முரளி நாமக்கல்:
அப்பா சொல்வதுதான் சரி. நோய்க்குச் செய்வது வேறு, ஆசைக்குச் செய்வது வேறு. பெண் பார்க்க வந்தவர்கள் யாராவது மூக்கைப் பற்றி ஏதாவது சொல்லிவிட்டுப் போனார்களா? அதற்காக என்றால் இன்னும் மோசம். சினிமாக்காரர்களைப் பார்த்து வந்த மோகம் இதெல்லாம்.

கயல்:
பந்து பட்டுச் சாய்ந்த மூக்கை நேராக்குவது எப்படி ஆசை ஆகும்? நான் இரண்டையும் சேர்த்துச் செய்துகொண்டவள், அதனால் சொல்கிறேன். மூக்குத் தண்டு என்பது இரண்டு துவாரத்துக்கும் நடுவில் நிற்கும் சுவர். அந்த நடுச்சுவரில் முன்பாதி குருத்தெலும்பு, பின்பாதி எலும்பு. வளைவு பின்னால் மட்டும் இருந்தால் உள்ளேயே வேலையை முடித்துவிடலாம், வெளியே ஒன்றும் தெரியாது. முன் விளிம்பிலோ மேல் விளிம்பிலோ இருந்தால் கதையே வேறு. மூக்கின் முதுகும் நுனியும் பந்தலுக்கு நடுக்கால் மாதிரி அந்தச் சுவரை நம்பித்தான் நிற்கின்றன. வெளிவடிவத்தைத் தொடாமல் அதை மட்டும் நேராக்குவது பல நேரம் முடியாது.

இன்னொன்று, இதை யாரும் வீட்டில் சொல்லமாட்டார்கள். வடிவத்தைச் சரிசெய்ய முட்டுக் கொடுக்கக் குருத்தெலும்பு வேண்டும். அதற்கு நல்ல இடம் அந்த நடுச்சுவர்தான். முதல் ஆபரேஷனில் வளைந்த துண்டை வெட்டி எறிந்துவிட்டு, சில வருடம் கழித்து "இப்போது வடிவமும் வேண்டும்" என்று போனால், காதிலிருந்தோ விலா எலும்புப் பக்கமிருந்தோ எடுக்க வேண்டி வரலாம். அப்பாவிடம் இதைச் சொல்லுங்கள்.

முரளி நாமக்கல்:
சாய்ந்ததை நேராக்கட்டும், அதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. கேள்வி மேட்டைப் பற்றி. அது பந்து பட்டு வந்ததா, பிறவியிலேயே இருந்ததா? தம்பி அதைச் சொல்லவே இல்லையே.

வைகைக்கரை:
அப்பாவுக்கும் அதே மேடு உண்டு அண்ணே. அத்தைக்கும் உண்டு.

முரளி நாமக்கல்:
அப்படிப் போடுங்கள்! அப்பாவுக்கு ஏன் கோபம் வருகிறது என்று இப்போதுதான் புரிகிறது.

இன்னொரு விஷயம். என் அத்தை மகன் மேட்டை மட்டும் சீவிக்கொண்டு வந்தான். எங்கே என்பது வேண்டாம். ஒரு வருடத்தில் மூக்கின் நடுப்பகுதி இரண்டு பக்கமும் உள்ளே ஒடுங்கிவிட்டது. அதுவரை நன்றாக மூச்சு விட்டவன் இப்போது கன்னத்தைக் கையால் இழுத்துப் பிடித்தால்தான் காற்று போகிறது என்கிறான். மூச்சுக்காகப் போகும் பெண்ணுக்கு இந்த ஆபத்து தேவையா?

கயல்:
ஆபத்து உண்மைதான், மறுக்கவில்லை. மூக்கிலேயே மிகக் குறுகலான இடம் அந்த நடுப்பகுதியில்தான் இருக்கிறது. கூரையை எடுத்துவிட்டுப் பக்கச்சுவர்களைச் சும்மா விட்டால் அது ஒடுங்கத்தான் செய்யும். அதற்காகவே நடுச்சுவரின் இரண்டு பக்கமும் மெல்லிய குருத்தெலும்புப் பட்டை வைத்துத் தைப்பார்கள், ஸ்ப்ரெடர் கிராஃப்ட் என்று பெயர். உங்கள் அத்தை மகனுக்கு வைத்தார்களா என்று கேட்டுப் பாருங்கள். இதை வைத்துப் பழகிய சர்ஜன் கிடைக்கவில்லை என்றால் மேட்டைத் தொடாதீர்கள் என்றுதான் நானும் சொல்வேன்.

மோகம் என்றீர்களே, அதற்கும் ஒரு வார்த்தை. கன்னத்துத் தோலை எடுத்து மூக்கைச் சரிசெய்யும் முறை சுசுருத சம்ஹிதையிலேயே இருக்கிறது. திப்புவுடன் நடந்த போரில் மூக்கறுக்கப்பட்ட காவாஸ்ஜி என்ற மாட்டுவண்டிக்காரருக்கு, நெற்றித் தோலை இறக்கிப் புனே பக்கத்து வைத்தியர் மூக்கு செய்து கொடுத்த செய்தி 1794ல் லண்டன் பத்திரிகையில் வந்தது. அதைப் பார்த்துத்தான் கார்ப்யூ என்ற ஆங்கிலேய சர்ஜன் 1814ல் தானும் செய்தார். நம் ஊரிலிருந்து போன சரக்கு சார் இது.

முரளி நாமக்கல்:
அவருக்கு மூக்கே இல்லை அம்மா. இங்கே இருக்கிற மூக்கைச் சீவப் பார்க்கிறார்கள்.

சந்திரகலை:
ஆபரேஷனே எதற்கு? இரண்டு பக்கமும் மாறி மாறி அடைப்பது உடம்பின் இயல்பு. சில மணி நேரத்துக்கு ஒரு முறை ஒரு பக்கச் சதை வீங்கும், மறு பக்கம் சுருங்கும். இதைத்தான் சித்தர்கள் சூரியகலை, சந்திரகலை என்றார்கள். பிராணாயாமம் செய்யச் சொல்லுங்கள்.

தியேட்டர் சிஸ்டர்:
மாறி மாறி அடைப்பது இயல்புதான். இந்தப் பெண்ணுக்கு எப்போதும் இடது பக்கம் மட்டுமே அடைப்பு. வளைந்த தண்டைப் பிராணாயாமம் நிமிர்த்தாது.

அதே சமயம் அலர்ஜி இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். அலர்ஜியால் வீங்கிய சதைக்கு டாக்டர் தரும் ஸ்டீராய்டு ஸ்ப்ரேயைச் சில வாரம் தவறாமல் அடித்தாலே பலருக்குப் பாதிக் கஷ்டம் குறையும். மருந்துக்கடையில் தாங்களாகவே சொட்டு மருந்து வாங்கி மாதக் கணக்கில் விடுகிறவர்கள் தனி ரகம். சில நாளுக்கு மேல் போனால் அந்தச் சொட்டு மருந்தாலேயே மூக்கு அடைக்கும். தண்டு வளைவுதான் காரணம் என்று உறுதியானால் ஆபரேஷனுக்கு நல்ல பலன் உண்டு. பிரிட்டனில் 378 பேரை வைத்து ஸ்ப்ரேயையும் ஆபரேஷனையும் ஒப்பிட்டார்கள். 2023ல் பி.எம்.ஜே. என்ற மருத்துவ இதழில் வந்தது. 6 மாதத்தில் ஆபரேஷன் செய்தவர்கள் தெளிவாகவே தேவலை.

கன்னத்தை இழுத்துப் பார்ப்பதை முரளி சொன்னார். நாங்களும் அதைத்தான் முதலில் செய்யச் சொல்வோம். இழுத்ததும் காற்று சுலபமாகப் போனால், தண்டு மட்டுமல்லாமல் பக்கச்சுவரும் பலவீனமா என்று டாக்டர் பார்ப்பார்.

செல்லமுத்து:
காசு விஷயத்தை யாரும் பேசவில்லை. நான் இன்ஷூரன்ஸ் க்ளெய்ம் பார்க்கிறவன். தண்டு ஆபரேஷனுக்குப் பணம் கிடைக்கும், ஆனால் பல பாலிசிகளில் 2 வருடக் காத்திருப்பு உண்டு. அழகுக்கான சிகிச்சைக்குக் கிடையாது. விபத்துக்குப் பிந்தைய சீரமைப்பு, அல்லது மருத்துவ ரீதியாகத் தேவை என்று டாக்டர் எழுதிக் கொடுத்தது என்றால் விதிவிலக்கு. பந்து பட்டதற்கு அப்போது காட்டிய சீட்டு, எக்ஸ்ரே ஏதாவது இருந்தால் பரணில் தேடுங்கள். "எல்லாவற்றையும் தண்டு என்றே போட்டுத் தருகிறோம்" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பிற்பாடு கண்டுபிடித்தால் முழு க்ளெய்மும் போகும். மேட்டுக்கான செலவைத் தனி பில்லாக வாங்கிக் கையிலிருந்து கட்டுவதுதான் நேர்வழி.

முரளி நாமக்கல்:
தனி பில் என்றாலே அது தனி ஆசை என்றுதானே அர்த்தம்?

கயல்:
ஆசை என்றே வைத்துக்கொள்ளுங்கள். 24 வயதுப் பெண் தன் முகத்தைப் பற்றி ஆசைப்படக் கூடாதா? என்னிடம் சர்ஜன் முதலில் கேட்டது, "யாருக்காக?" என்று. பிறகு, "மூக்கு சரியானால் வாழ்க்கையில் என்ன மாறும் என்று நினைக்கிறாய்?" என்றார். "வேலை கிடைக்கும், கல்யாணம் நடக்கும்" என்று சொல்லியிருந்தால் திருப்பி அனுப்பியிருப்பார். கண்ணாடி முன்னால் மணிக்கணக்கில் நின்று, யாருக்கும் தெரியாத குறையைத் தேடுகிறவர்களுக்கு எத்தனை ஆபரேஷன் செய்தாலும் நிம்மதி வராது. அவர்களுக்குத் தேவை மனநல மருத்துவர். வைகைக்கரையின் தங்கை அப்படிப்பட்டவள் என்று இங்கே யாருக்குத் தெரியும்?

முரளி நாமக்கல்:
தெரியாதுதான். அவள் முகம், சரி. ஆனால் நாளைக்கு மூச்சும் போய் மூக்கும் கோணினால் அழப்போவதும் அவள்தான். முதலில் மூச்சு, சாய்வு. மேட்டை விடச் சொல்லுங்கள். நான் மாற்றிச் சொல்லமாட்டேன்.

வைகைக்கரை:
எல்லோருக்கும் நன்றி. டாக்டருக்குப் போன் செய்து கேட்டேன். வளைவு முன்பக்கம்தானாம், வெளியேயும் கொஞ்சம் தொட்டுத்தான் ஆக வேண்டுமாம். இதைக் கேட்டதும் அப்பா பேப்பரை எடுத்துக்கொண்டு திண்ணைக்குப் போய்விட்டார். மேட்டைப் பற்றி இன்னொரு சர்ஜனிடமும் காட்டப் போகிறோம், அந்தப் பட்டை விஷயத்தைக் கேட்பேன். அம்மாவுக்கு ஒரே கேள்விதான்: மூக்குத்தியைக் கழற்றியே ஆக வேண்டுமா?

தியேட்டர் சிஸ்டர்:
கழற்றியே ஆக வேண்டும். ரத்தக் குழாயைச் சுட்டு அடைக்கும் மின்கருவி பயன்படுத்துவார்கள், உலோகம் இருக்கக் கூடாது. திரும்ப எப்போது போடலாம் என்பதை சர்ஜன் சொல்வார். வருடக் கணக்கில் போட்ட மூக்குத்தி என்றால் திருகு இறுகிக் கிடக்கும். ஆபரேஷன் அன்று காலையில் எங்களிடம் வந்து இழுத்துக்கொண்டிருக்காமல், முந்தின நாளே தேங்காயெண்ணெய் விட்டு வீட்டிலேயே கழற்றி வைத்துவிட்டு வரச் சொல்லுங்கள்.