மறுமொழி: ‘மினிமலி இன்வேசிவ் சர்ஜரி’ – குழந்தை அறுவைக்கு எந்தச் சொல்?

அன்புடையீர், வணக்கம்.

குழந்தைகளுக்கான மினிமலி இன்வேசிவ் சர்ஜரி (உடலை அகலத் திறக்காமல், சிறு துளை அல்லது உடலின் இயற்கை வழி மூலம் செய்யும் அறுவை) பற்றிய பன்னாட்டு மாநாட்டுக் கட்டுரைகளைச் சுருக்கித் தரும்போது ஆளுக்கொரு சொல் போடுகிறோம்: நுண்துளை அறுவை, சாவித்துளை அறுவை, குறைந்தபட்ச ஊடுருவல் அறுவை. மதுரையில் பெற்றோர் கையெழுத்திடும் ஒப்புதல் படிவத்துக்கும் இதுவே போகும். என் ஓட்டு ‘நுண்துளை’க்கு, விளம்பரப் பலகையிலேயே பழகிவிட்டது.

— மொழிபெயர்ப்பாளர், கே.கே. நகர்

⁂

> என் ஓட்டு ‘நுண்துளை’க்கு

பழகிய சொல்தான், ஆனால் பொருந்தாது. ‘நுண்ணறுவை’ என்பது மைக்ரோஸ்கோப் வைத்து நரம்பையும் ரத்தக்குழாயையும் தைப்பதற்கு ஏற்கெனவே போய்விட்டது. நாங்கள் போடும் துளை 3 அல்லது 5 மி.மீ. மூன்று கிலோ குழந்தையின் வயிற்றில் அது நுண்ணியது அல்ல.

துளையே போடாத வேலையும் இதில் அடங்கும். ஆண் குழந்தையின் சிறுநீர்த்தாரையில் பிறவியிலேயே உள்ள வால்வை அந்தத் தாரை வழியாகவே போய்ச் சிதைக்கிறோம். மூச்சுக்குழலில் சிக்கிய நிலக்கடலையை வாய் வழியாக எடுக்கிறோம். ‘ஊடுருவல்’ புற்றுநோய் பக்கத்துத் திசுவில் இறங்குவதற்கான சொல். படிவத்தில் பார்த்தால் பெற்றோர் பதறிப்போவார்கள்.

சரி, இதில் குறைவது எது? உள்ளே செய்யும் வேலை இல்லை. இரைப்பையின் கீழ்வாய்த் தசை தடித்து வழி அடைத்த குழந்தைக்கு, 1912இல் ஜெர்மன் அறுவை மருத்துவர் ராம்ஸ்டெட் வெளியிட்ட முறைப்படி, தசையை மட்டும் நீளவாக்கில் கீறி, சளிப்படலம் பிதுங்கும்வரை விரிக்கிறோம். லேப்ராஸ்கோப்பிலும், அதாவது வயிற்று உள்நோக்கியிலும், அதே கீறல்தான். படலம் ஓட்டையாகி, அதைக் கவனிக்காமல் விட்டால் அதே ஆபத்துதான். 1999இல் பெர்லினில் அமெரிக்கக் குழந்தை அறுவை மருத்துவர்கள் லோபும் ராத்தன்பர்க்கும் உணவுக்குழல் பிறவி அடைப்பை மார்பு உள்நோக்கி வழியே சரிசெய்தபோதும், இரு முனைகளையும் சேர்த்த தையல் பழைய தையல்தான். விலா எலும்புகளை அகட்டவில்லை, அவ்வளவே. அகட்டினால் பின்னாளில் முதுகெலும்பு வளையலாம், விலாக்கள் ஒட்டிக்கொள்ளலாம். ஆக, உள்ளே போகும்போது ஆகும் காயம்தான் குறைகிறது. ‘குறைகாய அறுவை’ என்று வைக்கலாம்.

— குழந்தை அறுவை மருத்துவர், மதுரை

⁂

டாக்டர் ஐயா, உங்கள் விளக்கம் சரி, சொல் வேண்டாம். ‘காயம்’ என்றால் உடம்பும்தான், காயகல்பம் என்கிறோமே. பிறவிக் குறையோடு வந்த குழந்தையின் தாயிடம் ‘குறைகாய’ என்று எழுதிய தாளை நீட்ட முடியுமா? வழிதான் சின்னது என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள். ‘சிறுவழி அறுவை’ என்றால் என்ன? ‘திறந்த அறுவை’க்கு எதிர்ச்சொல்லாகவும் நிற்கும். துளை வழி, தாரை வழி, வாய் வழி எல்லாம் அதில் அடங்கிவிடும்.

— தமிழாசிரியர், திருமங்கலம்

⁂

சிறுவழிக்கு என் ஆதரவு. ஆனால் வழி சிறிதென்றால் ஆபத்தும் சிறிதென்று பெற்றோர் நினைத்துக்கொள்வார்கள். எங்களுக்குக் கவலை, உள்ளே இடம் உண்டாக்க வயிற்றுக்குள் ஏற்றும் கேஸ்தான், அதாவது கார்பன் டை ஆக்சைடு வாயு. ஆபரேஷன் தியேட்டரில் ‘கேஸ் ஏத்தியாச்சா’ என்றுதான் கேட்கிறோம். எழுத்தில் ‘வளியேற்றம்’ போடலாம். பெரியவர்களுக்கு 12–15 மி.மீ. பாதரச அழுத்தம். பச்சிளங்குழந்தைக்கு 6–8 போதும். நிமிடத்துக்கு 1 லிட்டருக்கு மிகாமல் மெதுவாக ஏற்ற வேண்டும். கூடினால் உதரவிதானத்தை (நுரையீரலுக்குக் கீழுள்ள தசைத்திரையை) மேலே தள்ளும், நுரையீரல் விரியாது, இதயத்துக்குத் திரும்பும் ரத்தம் குறையும். கார்பன் டை ஆக்சைடு ரத்தத்தில் கலக்க, வெளிமூச்சில் அதன் அளவு ஏறும். வென்டிலேட்டரில் மூச்சின் எண்ணிக்கையைக் கூட்டிச் சமாளிக்கிறோம். கேஸ் குளிர்ந்து உலர்ந்தது, உடல் வெப்பமும் இறங்கும். பிறந்த சில நாளில் தொப்புள் சிரை முழுக்க மூடியிராது. அதற்குள் கேஸ் போனால் இதயத்தில் அடைத்துவிடும். படிவத்தில் வளியேற்றத்துக்குத் தனி வரி வேண்டும்.

— மயக்கவியல் மருத்துவர்

⁂

கருவியை உள்ளே விடத் துளையில் குழல் பொருத்தும் ‘போர்ட்’டுக்கும் ஒரு சொல் முடிவு செய்யுங்கள்: ‘புகுவாய்’. குழந்தையின் வயிற்றுச்சுவர் மெல்லியது, குழலைப் பிடித்து நிறுத்தாது. கருவியை இழுக்கும்போது குழலும் கூடவே வந்துவிடும், கேஸ் இறங்கி மானிட்டரில் ஒன்றும் தெரியாது. பாதி நழுவினால் கேஸ் தோலுக்கடியில் ஏறும், தொட்டால் நறநறக்கும். ரப்பர் கதீட்டரில் ஒரு சிறு துண்டு நறுக்கி, புகுவாய்க் குழல்மேல் இறுக்கமாக மாட்டி, அதைத் தோலோடு ஒரு தையல் போட்டால் நகராது.

— தியேட்டர் செவிலியர்

⁂

சிறுவழி அறுவை, வளியேற்றம், புகுவாய் மூன்றும் எனக்குச் சம்மதம். ‘குறைகாய’த்தைத் திரும்பப் பெறுகிறேன். படிவ வரி இப்படி இருக்கட்டும்: “சிறுவழி அறுவையில் தொடங்குவோம், ரத்தக்கசிவு, பார்வை தெளிவின்மை, குழந்தை வளியேற்றத்தைத் தாங்காமை ஆகியவற்றில் ஏதேனும் நேர்ந்தால் திறந்த அறுவைக்கு மாறுவோம்.”

வரைவில் இந்த மாறுதலுக்கு, அதாவது ‘கன்வர்ஷ’னுக்கு, யாரோ அகராதியைப் பார்த்து ‘மதமாற்றம்’ என்று போட்டிருக்கிறார்கள். அச்சுக்குப் போகுமுன் தயவுசெய்து எடுத்துவிடுங்கள்.

— குழந்தை அறுவை மருத்துவர், மதுரை